குழூஉக்குறியும் கதவடைப்பும்: நுண்ணுயிர்களின் குறிமொழி பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் நுண்ணுயிரியல் குறித்த கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், குறி என்பது யாது, ஒரு கூட்டம் தனக்குள் பொருள் உணர்த்திக் கொள்வது எங்ஙனம், அக்குறியைப் பிறர் அறிந்துகொண்டால் நேர்வது என்ன என்னும் வினாக்கள் மொழி பயில்வார்க்கு உரியவை. அவ்வினாக்களையே இன்று உயிரியலாரும் எழுப்பி வருகின்றனர். கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள் தாம் சுரக்கும் வேதிப்பொருள்களைக் குறிகளாகக் கொண்டு தம் கூட்டத்தின் அளவை அறிகின்றன. அவ்வாறு அறிந்தபின், தம்மைத் தாக்கும் வைரஸ்களுக்கு எதிராகப் பல இனங்கள் கதவடைத்துக் கொள்கின்றன. இச்செய்தியை நம் இலக்கணக் கலைச்சொல் ஒன்றின் துணையோடு விளக்குவதும், தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர் வாழ்வோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பாக்டீரியாவை உண்ணும் வைரஸ்

நோய் என்றவுடன் பாக்டீரியாவையும் வைரஸையும் ஒருசேர எண்ணுவது நம் வழக்கம். ஆனால் பாக்டீரியாவுக்கும் நோய் வரும்; அதனைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களும் உள. அவற்றுக்குப் 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர். 'பாக்டீரியாவை உண்பது' என்பது அதன் பொருள். சுருக்கம் கருதி 'ஃபேஜ்' என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவற்றின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஆக்ராவில் பணியாற்றிய ஹேன்கின் என்னும் ஆங்கிலேய அறிஞர், கங்கை, யமுனை ஆகிய ஆறுகளின் நீர் காலராக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உடையது என 1896-ஆம் ஆண்டு எழுதினார். நீரைக் காய்ச்சினால் அவ்வாற்றல் மறைந்துவிட்டது. அவர் கண்டது ஃபேஜ்களின் செயலாக இருந்திருக்கலாம் எனப் பிற்காலத்தார் கருதினர். எனினும் அது முடிந்த முடிபன்று. பின்னர் 1915-இல் இங்கிலாந்தில் டுவார்ட்டும், 1917-இல் பாரிசில் டெரெல்லும் தனித்தனியே இவ்வைரஸ்களைக் கண்டறிந்தனர். டெரெல் 1920களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, காலராவைத் தணிக்க ஃபேஜ்களைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆன்டிபயாடிக் மருந்துகள் பரவலானபின் உலகின் பெரும்பகுதியில் இம்முறை பின்தள்ளப்பட்டது. இன்று அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டமையால், மருத்துவ உலகம் மீண்டும் ஃபேஜ்களை நோக்கித் திரும்பியுள்ளது.

ஃபேஜ் செயற்படும் முறையை நாம் மனத்திற்கொள்ளுதல் வேண்டும். பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்டதொரு மூலக்கூறைப் பற்றிக்கொண்டே ஃபேஜ் தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. அம்மூலக்கூறே அதற்குக் கதவு. அக்கதவு இல்லையேல் நுழைவு இல்லை. உள்ளே புகுந்தபின் பாக்டீரியாவின் பொறியமைப்பைக் கொண்டே தன்னைப் பலவாகப் படியெடுத்து, இறுதியில் அதனை உடைத்து வெளியேறுகிறது. ஒரு பாக்டீரியாவிலிருந்து நூறு அளவிலும் புதிய ஃபேஜ்கள் வெளிவருதல் உண்டு.

குழூஉக்குறி

சொல் வழங்கும் முறையை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக நன்னூலார் பகுத்தார். தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்று குழூஉக்குறி. ஒரு குழுவினர் தமக்குள் மட்டுமே பொருள் விளங்குமாறு வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் வகுப்பறையில் நாம் கூறும் எடுத்துக்காட்டுகள்.

பாக்டீரியா உலகிலும் இதற்கு நிகரானதொரு நிகழ்வு உண்டு. கடலில் வாழும் விப்ரியோ ஃபிஷெரி என்னும் பாக்டீரியா ஒளி உமிழும் இயல்புடையது. எண்ணிக்கையில் சிலவாக இருக்கும்போது அது ஒளிர்வதில்லை. பெருகித் திரண்டபின்னரே ஒளிர்கிறது. நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970-ஆம் ஆண்டு இதற்கான காரணத்தை விளக்கினர். ஒவ்வொரு பாக்டீரியாவும் சிறியதொரு வேதிப்பொருளைச் சுரந்து நீரில் விடுகிறது. சிலவே இருப்பின் அது நீரில் கரைந்து பரவிப் பயனற்றுப் போகிறது. பல இருப்பின் அதன் செறிவு மிகுகிறது. ஒரு வரம்பைக் கடந்ததும் பாக்டீரியாக்கள் அதனை உணர்ந்து ஒருங்கே ஒளிரத் தொடங்குகின்றன.

இவ்வாறு கூட்டத்தின் அளவை அறிந்து செயற்படுதலுக்கு 1994-ஆம் ஆண்டு 'கோரம் சென்சிங்' என்று பெயரிட்டனர். சட்டமன்றத்திலும் சங்கக் கூட்டங்களிலும் நடவடிக்கை தொடங்குவதற்கு வேண்டிய குறைந்த அளவு எண்ணிக்கையை 'கோரம்' என்கிறோம். தமிழில் 'குறைவெண்' என்பர். ஆதலின் இந்நிகழ்வைக் 'குறைவெண் உணர்தல்' எனலாம். அதற்குத் துணையாகும் வேதிப்பொருளைக் 'குழூஉக்குறி' என வழங்குதல் மிகவும் பொருந்தும் என்பது நம் கருத்து.

இப்பொருத்தத்திற்குக் காரணம் உண்டு. ஒளிரும் பாக்டீரியாவாகிய விப்ரியோ ஹார்வியை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் போனி பாஸ்லரும் அவர்தம் குழுவினரும், அது மூன்று குறிகளைக் கையாள்வதைக் கண்டனர். ஒன்று பெரும்பாலும் தன் இனத்தாரை அறிவதற்கு. மற்றொன்று விப்ரியோ என்னும் பேரினத்து உறவினரை அறிவதற்கு. மூன்றாவது, பல்வேறு இனங்களும் சுரந்து உணர்கின்ற பொதுக்குறி. வீட்டுப் பேச்சு, வட்டார வழக்கு, பொதுவழக்கு என நாம் பகுப்பதனோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கூட்டமும் ஆபத்தும்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். கூட்டம் பெருகுவதற்கும் ஃபேஜின் தாக்குதலுக்கும் தொடர்பு என்ன?

தனித்துத் திரியும் பாக்டீரியாவை ஃபேஜ் சந்திப்பது அரிது. நீந்தும் ஆற்றல் ஃபேஜுக்கு இல்லை. நீரின் போக்கில் மிதந்து சென்று முட்டினாலன்றி அதற்கு இரை கிட்டாது. ஆனால் நெருங்கி வாழும் கூட்டத்தில் ஒரு பாக்டீரியா உடைந்தால், வெளிவரும் ஃபேஜ்கள் அனைத்திற்கும் அருகிலேயே இரை காத்திருக்கிறது. மக்கள் நெருங்கி வாழும் ஊரில் கொள்ளைநோய் விரைந்து பரவுவதும் இவ்வாறே. எனவே, கூட்டம் பெரிது என்று கூறும் குறி, ஆபத்தும் பெரிது என்று கூறும் குறியாகிவிடுகிறது.

அவ்வாறாயின் எப்போதும் கதவை அடைத்தே வைத்திருக்கலாகாதா என்னும் வினா எழலாம். அடைத்து வைத்தால் உணவும் வாராது. ஈ.கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவை லாம்டா என்னும் ஃபேஜ் தாக்குகிறது. அது பற்றிக்கொள்ளும் கதவு, மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையை அப்பாக்டீரியா உள்வாங்கும் வாயிலும் ஆகும். ஆகவே ஆபத்து குறைந்த காலத்தில் திறந்தும் மிகுந்த காலத்தில் குறைத்தும் வாழ்வதே ஆதாயம். அக்காலத்தை அறிவிப்பதே குழூஉக்குறியின் பணி.

இது வெறும் ஊகமன்று. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குறிப்பொருளை உணர்ந்த ஈ.கோலை தன் மேற்பரப்பிலுள்ள லாம்டாக் கதவுகளின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. ஃபேஜ்கள் பற்றும் வேகமும் குறைந்தது. இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அக்குறிப்பொருளை ஈ.கோலை தானே சுரப்பதில்லை. பிற இனங்கள் சுரந்ததை உணர்ந்தே அது எச்சரிக்கை அடைகிறது. அண்டை வீட்டார் உரத்துப் பேசுவதைக் கேட்டு நம் வீட்டுக் கதவைத் தாழிடுவது போன்றது இது.

இனத்துக்கு இனம் உத்தி வேறுபடுவதும் உண்டு. மீன்களுக்கு நோய் தரும் விப்ரியோ ஆங்குவில்லாரம் பற்றி 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, கூட்டம் சிறிதாயிருக்கையில் அது திரண்டு படலமாக ஒட்டிக்கொண்டு தற்காத்துக்கொள்கிறது. கூட்டம் பெருகியபின் ஃபேஜ் பற்றும் கதவைக் குறைத்துத் தனித்தனியே உலவுகிறது. தீப்புண்ணிலும் நுரையீரலிலும் தொற்றும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா, குறைவெண்ணை உணர்ந்தபின் 'கிரிஸ்பர்' என்னும் தற்காப்பை மிகுவிக்கிறது என 2017-இல் அறியப்பட்டது. கிரிஸ்பர் என்பது முன்பு தாக்கிய வைரஸ்களின் அடையாளத்தைத் தன் மரபுப்பொருளில் பதித்துவைத்து, மீண்டும் அவை வருங்கால் வெட்டியெறியும் அமைப்பாகும்.

காலராவும் சென்னையும்

இப்பொருளில் நமக்கு நெருங்கிய சான்று காலராக் கிருமியாகிய விப்ரியோ காலரே. தாக்காவில் உள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தைச் சார்ந்த ஆய்வாளர், அந்நகரில் பருவந்தோறும் எழும் காலரா, நீர்நிலைகளில் ஃபேஜ்கள் பெருகும்போது தணிவதை 2005-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். அப்படியாயின் அடுத்த பருவத்திற்கு வித்தாகும் கிருமிகள் எவ்வாறு தப்புகின்றன? இவ்வினாவிற்கு 2016-ஆம் ஆண்டு ஒரு விடை கிட்டியது. குழூஉக்குறியைச் சுரக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட காலராக் கிருமிகள் பலவகை ஃபேஜ்களுக்கு எளிதில் இரையாயின. குறிப்பொருளை வெளியிலிருந்து சேர்த்தபோது கிருமிகள் மிகுதியாகப் பிழைத்தன. ஃபேஜ்களின் எண்ணிக்கை குறைந்தது. இதற்கு இருவகைக் காரணங்கள் கூறப்பட்டன: ஒன்று, ஃபேஜ் பற்றும் கதவு குறைதல், மற்றொன்று, கூட்டம் பெருகியபின் கிருமி சுரக்கும் புரதச்சிதைப்பு நொதி ஒன்றின் செயல்.

இவ்வாறு கதவைக் குறைப்பது தற்காலிக ஏற்பாடு. நிலையாகவே கதவை மாற்றிக்கொள்வதும் உண்டு. அதற்குச் சென்னை நகரே சான்று. உலகில் அதுவரை பெருங்காலராவை விளைத்தவை எல்லாம் 'ஓ1' என்னும் மேலுறை வகையைச் சார்ந்தவை. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் தோன்றிய காலராவிலோ 'ஓ139' என்னும் புதிய வகை கண்டறியப்பட்டது. மதுரை, வேலூர், கொல்கத்தா என அது பரவி, 1993-இல் வங்கதேசத்தையும் அடைந்தது. மேலுறை மாறியமையால், முன்பு காலராவுக்கு ஆட்பட்டுத் தேறியோரின் எதிர்ப்பாற்றலும் அதன்பால் பயன்படவில்லை. 'ஓ1' மேலுறையையே கதவாகக் கொண்டு நுழையும் ஃபேஜ்களும் அதனைப் பற்ற இயலா. ஃபேஜ்களுக்கு அஞ்சியே அது மேலுறையை மாற்றியது என நாம் கூறவரவில்லை. கதவு மாறினால் காவலும் தாக்குதலும் ஒருசேர மாறும் என்பதற்கே இதனை எடுத்துக்காட்டினோம்.

புறநகர் வாழ்வோர்க்கு நீரைப் பற்றிய கவலை இன்றும் நீங்கியபாடில்லை. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீர்தான் காரணமா என்பதில் அப்போது கருத்து வேறுபாடு நிலவியது. ஃபேஜ்கள் பற்றிய ஆய்வு எவ்வளவு வளர்ந்தாலும், கழிவுநீர் கலவாத குழாயும், அளவாகக் கலந்த குளோரினும், காய்ச்சி ஆறிய நீரும் செய்யும் காவலுக்கு அது மாற்றாகாது என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

ஒட்டுக்கேட்கும் ஒற்றர்

குழூஉக்குறி பிறர்க்குத் தெரிந்துவிட்டால் அதன் பயன் கெடும். திருவள்ளுவர் பொருட்பாலில் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தமை நாம் அறிந்ததே. வைரஸ் உலகிலும் ஒற்றாடல் உண்டு என்பது அண்மைக்கால ஆய்வு தரும் வியப்பு.

சில ஃபேஜ்கள் பாக்டீரியாவை உடனே அழிப்பதில்லை. உள்ளே புகுந்து உறங்கிக் கிடக்கும். விழித்தெழ ஏற்ற காலம் எது? சில்பே என்னும் ஆய்வாளரும் பாஸ்லரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விப்ரியோக்களைத் தாக்கும் ஒரு ஃபேஜ் பாக்டீரியாவின் குழூஉக்குறியை உணரும் புரதத்தைத் தானும் பெற்றிருக்கிறது. பாக்டீரியாக்கள் 'நாம் பலராயினோம்' என்று தமக்குள் உணர்த்திக்கொள்ளும் அதே குறியை அது ஒட்டுக்கேட்டு, 'இரை பலவாயிற்று' எனப் பொருள்கொண்டு எழுகிறது. கூட்டத்தைக் காக்க எழுந்த குறியே இங்குக் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஃபேஜ்களுக்கும் தமக்கெனக் குறி உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2017-இல் கண்டறிந்தபடி, பேசில்லஸ் என்னும் பாக்டீரியாவைத் தாக்கும் சில ஃபேஜ்கள், ஒவ்வொரு தாக்குதலின்போதும் சிறியதொரு புரதத்துண்டு வெளிப்படச் செய்கின்றன. அது மிகுந்துவிட்டால், முன்சென்றோர் பலரை அழித்துவிட்டனர், இரை அருகிவிட்டது என்பது பொருள். அப்போது பின்வரும் ஃபேஜ்கள் அழிக்காது உறங்கிக் கிடக்கின்றன.

இவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. குழூஉக்குறி எப்போதும் பாக்டீரியாவுக்கு நன்மையே செய்யும் எனப் பொதுவிதி வகுத்தல் இயலாது. எதிரில் நிற்கும் ஃபேஜ் எவ்வகை என்பதைப் பொறுத்து அது கேடயமும் ஆகும். காட்டிக்கொடுக்கும் விளக்கும் ஆகும்.

முட்டுக்காட்டுக் கரையில்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் கோவளமும் முட்டுக்காடும் வரும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1987-இல் நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் களநிலையம் முட்டுக்காட்டில் உள்ளது. அங்கிருந்து தெற்கே மரக்காணம் வரையிலான கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் பல இயங்குகின்றன.

இப்பொரிப்பகங்களுக்குப் பெருங்கேடு விளைப்பது மேற்கூறிய விப்ரியோ ஹார்வியே. நோய் முற்றிய தொட்டியை இருளில் நோக்கினால் நீரும் இறந்த குஞ்சுகளும் ஒளிரக் காணலாம். காண்பதற்கு அழகு, வளர்ப்போர்க்கு இழப்பு. ஒரே இரவில் தொட்டிகள் அழிதலும் உண்டு. ஆன்டிபயாடிக் இட்டால் கிருமிகள் அதற்கும் பழகிவிடுகின்றன; ஏற்றுமதியாகும் இறாலில் தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம் காணப்பட்டால் சரக்குத் திருப்பப்படுகிறது. ஆகவே ஃபேஜ்களைக் கொண்டு இந்நோயைத் தடுக்கும் முயற்சி நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. மங்களூர் மீன்வளக் கல்லூரி ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஜ் இட்ட தொட்டிகளில் குஞ்சுகள் ஆன்டிபயாடிக் இட்ட தொட்டிகளைக் காட்டிலும் மிகுதியாகப் பிழைத்தன. சென்னை நிறுவனத்தாரும் ஒளிர்விப்ரியோக்களைத் தாக்கும் ஃபேஜ்களைப் பிரித்தெடுத்து ஆய்ந்துள்ளனர்.

இவ்விடத்தில் மேற்கண்ட ஆய்வுகளை இணைத்து நோக்குதல் தகும். ஒளிர்தல் என்பது குறைவெண் எட்டப்பட்டதன் வெளிப்பாடு. தொட்டி ஒளிர்கின்றது எனில், கூட்டம் தன் குழூஉக்குறியை உணர்ந்துவிட்டது என்பது பொருள். பிற விப்ரியோ இனங்களில் அந்நிலையில்தான் கதவுகள் குறைகின்றன. ஆகவே ஒளியைக் கண்டபின் ஃபேஜ் இடுவதைவிட, அதற்கு முன்பே இடுதல் பயன்மிக்கதாகுமோ என்பது ஆய்ந்தறியத்தக்க வினா. இது நம் ஊகமே. விடை கூறவேண்டியது சோதனைத் தொட்டி. விலங்கியலும் நுண்ணுயிரியலும் பயிலும் நம் கல்லூரி மாணவர்க்கு, பேருந்தில் சென்று வரக்கூடிய தொலைவில் இத்தகைய ஆய்வுக்களம் அமைந்திருப்பது நற்பேறாகும்.

மருத்துவத்திற்கும் இதுவே பொருந்தும். தகுந்த ஃபேஜைத் தேர்ந்தால் மட்டும் போதாது. நோயுற்ற உறுப்பில் கிருமிகள் எவ்வளவு நெருங்கியுள்ளன, எக்குறிகளை உணர்ந்துள்ளன, கதவைத் திறந்துள்ளனவா அடைத்துள்ளனவா என்பவற்றையும் அறிதல் வேண்டும். குறியை மறைக்கும் மருந்தை ஃபேஜோடு சேர்த்துத் தந்தால், கூட்டம் தன் அளவை அறியாது கதவைத் திறந்தே வைத்திருக்கும் என்னும் எண்ணமும் ஆய்வாளரிடையே உள்ளது.

இது மொழியா?

பாக்டீரியாக்கள் 'பேசுகின்றன' என்று அறிவியல் நூல்களே எழுதுகின்றன. மொழி பயிலும் நாம் இச்சொல்லை அளந்தே ஏற்கவேண்டும். சொற்களை மாற்றி அடுக்கிப் புதுப்பொருள் தருதல், இல்லாததை உரைத்தல், நேற்றையும் நாளையையும் கூறல் ஆகியன மனித மொழியின் இயல்புகள். இவை அங்கு இல்லை. எண்ணமும் விருப்பமும் அங்கு இல்லை. 'கதவடைக்கின்றன', 'ஒட்டுக்கேட்கின்றன' என இக்கட்டுரையில் நாம் எழுதியனவும் உருவகங்களே.

ஆயினும், குறி உண்டு. குறிக்கப்படும் பொருள் உண்டு. அதனை உணரும் குழு உண்டு. குறி கசிந்தால் கேடும் உண்டு. அந்த அளவில் 'மொழி' என்பதைக் காட்டிலும் 'குழூஉக்குறி' என்பதே செம்மையான சொல்லாகும். உயிர்களை அறிவின் அடிப்படையில் பகுத்த தொல்காப்பியர், தொட்டு உணர்தலை முதல் அறிவாக வைத்தார். நுண்ணோக்கி இல்லாத காலத்தவர் அவர். பாக்டீரியாவை அவர் கூறினார் என நாம் உரிமை கொண்டாடுதல் முறையன்று. எனினும் இக்குறிப்பொருளும் உணர்வுப்புரதத்தைத் தொட்டு ஒட்டிய பின்னரே பொருள் தருகிறது என்பதை நினைக்கையில், உணர்தலின் தொடக்கம் தொடுதல் என்னும் அவர்தம் வைப்புமுறையின் செப்பம் விளங்குகிறது.

முடிவுரை

கூட்டம் பெருகினால் வலிமை பெருகும் என்பது பொதுக்கருத்து. கூட்டம் பெருகினால் ஆபத்தும் பெருகும். அதனை அறிவிக்கக் குறி வேண்டும். குறியை அறிந்தோர் காவலை மிகுவிக்க வேண்டும் என்பது பாக்டீரியா வாழ்வில் காணும் பாடம். அக்குறியை நாம் அறிந்துகொண்டால், கிருமியை வெல்லத் தக்க காலத்தையும் அறிந்தவராவோம்.

பள்ளியில் தமிழ்வழி பயின்று அறிவியல் வகுப்பில் நுழையும் மாணவர் பலர், கருத்து கடினமாக இருப்பதால் அன்றி, சொல் புரியாமையால் தயங்கி நிற்பதை நாம் காண்கிறோம். நம் இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ள சொல்லால் ஒரு புதிய அறிவைச் சுட்ட முடியுமாயின் அவர்தம் தயக்கம் சிறிதேனும் குறையும். அறிவியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் ஒருங்கே அமர்ந்து இத்தகைய சொற்களைத் தேர்தல் நன்று. கதவைத் திறந்து வைத்தால்தான் உணவு வரும் என்பது துறைகளுக்கும் பொருந்தும் உண்மையாகும்.